முதல் டைவ் பயணத்துக்கு எந்தக் கடல்? புதிய ஸ்கூபா டைவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலம்பென் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கரையிலிருந்தே நடந்து இறங்கி, 5 மீட்டர் ஆழத்தில் தொடங்கும் மூழ்கிய கப்பல் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம். நீரோட்டம் பெரும்பாலும் மெல்லியது. அதே பாலிக்குத் தென்கிழக்கே நுசா பெனிடா தீவு. அதன் சில தளங்களில் நீரோட்டம் டைவரைக் கீழ்நோக்கியே இழுக்கும். ஆழத்திலிருந்து மேலேறிவரும் குளிர்நீர் சில நேரம் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போய்விடும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: பாலி.

ஆகவே "பாலி புதியவர்களுக்கு ஏற்றதா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. கேட்க வேண்டியது எந்தத் தளம், எந்த மாதம், யாருடன் என்பதைத்தான். பலர் முதலில் விமான டிக்கெட் எடுத்துவிட்டு, பிறகு ஓட்டல், கடைசியில் டைவ் என்று போகிறார்கள். இங்கே வரிசை நேர் எதிர். டிக்கெட் கடைசி.

படி 1: உங்கள் நிலையை ஒரு தாளில் எழுதுங்கள்

லாக் புக்கை (டைவ் குறிப்பேட்டை) எடுத்து ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இதுவரை எத்தனை டைவ், கடைசி டைவ் எப்போது, அதிகபட்சம் எத்தனை மீட்டர் இறங்கினீர்கள், எவ்வளவு குளிர்ந்த நீரில், ஒவ்வொரு டைவ் முடிவிலும் சிலிண்டரில் எத்தனை பார் (காற்றழுத்த அளவு) மிச்சம். கடைசி எண்ணைப் பலர் எழுதுவதே இல்லை. பயணத்தைத் தீர்மானிப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்று அட்டை வைத்திருப்பவருக்கு எல்லை 18 மீட்டர். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தவருக்கு 30. பொழுதுபோக்கு டைவிங்கின் வெளி எல்லை 40. "கைடு கூட வருவார், 25 மீட்டர் வரை போகலாம்" என்று ஓர் இடத்தில் சொன்னால், அந்த நிறுவனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

அட்டையே இல்லாதவருக்கு மூன்று வழிகள். பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு அதிகபட்சம் 12 மீட்டர் வரை போகும் அறிமுக டைவ் ஒன்று. போகும் இடத்திலேயே முழு ஓப்பன் வாட்டர் பயிற்சியையும் முடிப்பது இன்னொன்று. இதற்கு வழக்கமாக 3 முதல் 4 நாள் ஆகும். மூன்றாவது, பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய 4 டைவ்களை மட்டும் பயணத்தில் செய்வது. ஒரு வாரமே விடுமுறை இருந்தால் மூன்றாவதுதான் சிறந்தது. விடுமுறையில் பாதியைக் குளத்தில் கழிக்க வேண்டியிருக்காது. ஆனால் ஊரில் பெறும் பயிற்சிச் சான்றை அங்குள்ள சென்டர் ஏற்றுக்கொள்ளுமா, அது எத்தனை மாதம் செல்லும் என்று இரு பக்கமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவக் கேள்விப் படிவத்தை இப்போதே வாங்கி நிரப்புங்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதய நோய், வலிப்பு போன்ற குறிப்பிட்ட கேள்விகளுக்கு "ஆம்" என்றால் மருத்துவரின் கையொப்பம் வேண்டும். அதைத் தீவில் போய் இறங்கிய காலையில் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். பொய்யாக "இல்லை" என்று எழுதுவது இன்னும் மோசம். காப்பீடு செல்லாமல் போவது இருக்கட்டும், பயிற்றுநர் எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

படி 2: தளத்தின் ஆழத்தையும் அடியையும் பாருங்கள்

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். பதற்றமுள்ள புதிய டைவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் காற்று இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் 11 லிட்டர், நிரப்பியது 200 பார். 50 பாரைக் கையிருப்பாக விட்டால் மிச்சம் 150 பார், அதாவது 1,650 லிட்டர். 18 மீட்டரில் அழுத்தம் நீர்மட்டத்தைப்போல் 2.8 மடங்கு. எனவே நிமிடத்துக்கு 70 லிட்டர் போகும், 23 நிமிடத்தில் காற்று தீரும். அதே ஆள் 8 மீட்டரில் இருந்தால் நிமிடத்துக்கு 45 லிட்டர், 36 நிமிடம் கிடைக்கும். மேலேறும்போது பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க ஆகும் காற்றும் இதற்குள்தான் அடக்கம்.

இதை இடம் தேர்வு செய்வதோடு சேர்த்துப் பாருங்கள். பவளப்பாறையின் மேல்பகுதி 14 மீட்டரில் தொடங்கும் தளமென்றால், போய்ச் சேர்ந்து சுற்றிப் பார்ப்பதற்குள் திரும்ப வேண்டும். குழுவில் முதலில் காற்று தீர்வது உங்களுக்குத்தான். உங்களால் எல்லோரும் மேலேற வேண்டியிருக்கும். அந்தக் கூச்சத்தில், கைடு சைகையில் கேட்கும்போது 60 பாரை 90 என்று காட்டுகிறவர்கள் உண்டு. விபத்துகள் இப்படித்தான் தொடங்குகின்றன. பாறை 3 மீட்டரில் தொடங்கி 15 மீட்டர் வரை சரியும் தளத்தில் இந்தச் சிக்கலே எழாது. டைவின் இரண்டாம் பாதியை மேல்பகுதியிலேயே கழித்துக்கொள்ளலாம். தவிர, சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களுக்குள்ளேயே மங்கத் தொடங்குகிறது. பாறை வண்ணமயமாகத் தெரிவதும் மேலேதான்.

அடுத்தது அடி. மிதப்பைக் கட்டுப்படுத்த இன்னும் பழகாதவருக்கு 10 முதல் 15 மீட்டரில் ஒரு மணல்தரை இருப்பது பெரிய பாதுகாப்பு. கைதவறி மூழ்கினாலும் அதற்குக் கீழே போக வழியில்லை. செங்குத்துச் சுவர் போன்ற பாறைத்தளங்கள் படத்தில் பிரமாதமாக இருக்கும். கீழே நூறு மீட்டருக்கு ஒன்றுமில்லை என்பது படத்தில் தெரியாது. மாஸ்க்கில் நுழைந்த தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருக்கும் அரை நிமிடத்தில் 8 மீட்டர் இறங்கிவிட முடியும்.

ஒரு தளத்தைப் பற்றிக் கேட்கும்போது "ஆழம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பாறையின் தலை எத்தனை மீட்டரில்? அடி எத்தனை மீட்டரில்? அடி மணலா, பாறையா, தெரியவே தெரியாதா?" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

நீரின் தெளிவு பற்றி ஒரு சொல். 30, 40 மீட்டர் தூரம் தெரியும் கடல்தான் புதியவருக்கு நல்லது என்ற எண்ணம் பாதிதான் உண்மை. அவ்வளவு தெளிந்த நீரில் 25 மீட்டரில் இருக்கும் பாறை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆழத்தைக் காட்டும் டைவ் கணினியைப் பார்க்காமலே இறங்கிவிடுவார்கள். 10 முதல் 20 மீட்டர் தெரிந்தால் தாராளம். 5 மீட்டருக்குக் குறைந்தால் கூட வருபவரைத் தொலைத்துவிடுவீர்கள். அந்தக் காலத்தில் அந்த இடம் வேண்டாம்.

படி 3: நீரோட்டத்தை அளந்து கேளுங்கள்

ஒரு நாட் வேக நீரோட்டம் என்றால் விநாடிக்கு அரை மீட்டர், நிமிடத்துக்கு 30 மீட்டர். கேட்கக் குறைவாகத்தான் தோன்றும். முழு டைவ் கருவிகளோடு அதை எதிர்த்து நீந்தினால் சில நிமிடங்களில் மூச்சிரைக்கும், காற்று கரையும். 40 நிமிட டைவில் அது உங்களை 1,200 மீட்டர் தள்ளியிருக்கும். முதல் பயணத்துக்கு நீரோட்டம் அரை நாட் வேகத்துக்குள் இருக்கும் தளங்களையே தேர்ந்தெடுங்கள்.

விரிகுடாக்களும், தீவின் காற்று மறைந்த பக்கமும் பொதுவாக அமைதியானவை. இரு தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, நடுக்கடலில் தனித்து எழும் பாறை ஆகிய மூன்றிலும் தண்ணீர் நெருக்கியடித்துக்கொண்டு போகும். பெரிய மீன்களும் அங்கேதான் கூடும், அதனால்தான் அவை புகழ்பெற்ற தளங்களாகின்றன. ஓர் இடத்தின் பெயர் அடிபடக் காரணமே அது உங்களுக்கு ஏற்றதல்ல என்பதற்கும் காரணமாக இருப்பது இதனால்தான்.

அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் அவற்றையொட்டிய ஓரிரு நாள்களிலும் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) பெரிதாக இருக்கும். ஓதத்தால் நீரோட்டம் உண்டாகும் கடல்களில் பயணத் தேதியை அவற்றுக்கு இடைப்பட்ட அஷ்டமியை ஒட்டி வைத்துக்கொண்டால் கடல் சற்று அடங்கியிருக்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, நாள்காட்டி இருந்தால் போதும்.

படி 4: மாதத்தைப் பொருத்துங்கள்

இலங்கையே நல்ல பாடம். மே முதல் செப்டம்பர் வரை கிழக்கே திருகோணமலைக் கடல் தெளிந்து கிடக்கும்போது, மேற்கே ஹிக்கடுவையில் தென்மேற்குப் பருவக்காற்று அடித்துக் கலங்கியிருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கதை தலைகீழ். ஒரே தீவு, இரண்டு பருவங்கள். தாய்லாந்திலும் அப்படித்தான். அந்தமான் கடல் பக்கமுள்ள சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுவார்கள். வளைகுடாப் பக்கமுள்ள கோ தாவோவில் அந்த மாதங்களில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அங்கே மழையும் கலங்கலும் வருவது நவம்பர் வாக்கில். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம்.

"வருடம் முழுக்க டைவ் செய்யலாம்" என்ற வாசகம் எல்லா இணையதளத்திலும் இருக்கும். பொய்யில்லை, ஆனால் அரைகுறை. "நான் வரும் மாதத்தில் சென்ற ஆண்டு எத்தனை நாள் படகு போகவில்லை?" என்று கேளுங்கள். நேர்மையான சென்டர் எண்ணோடு பதில் சொல்லும்.

நீரின் வெப்பமும் மாதத்தோடு மாறும். செங்கடலில் கோடையில் 28 டிகிரியும் அதற்கு மேலும் இருக்கும், குளிர்காலத்தில் 21, 22க்கு இறங்கும். தோராயமாக, 27க்கு மேல் 3 மில்லிமீட்டர் வெட்சூட் (உடலைக் கதகதப்பாக வைக்கும் ரப்பர் உடை) போதும். 24 முதல் 27 வரை 5 மில்லிமீட்டர், அதற்குக் கீழே 7. குளிர்ந்தால் காற்று வேகமாகத் தீரும், கவனம் சிதறும். தடித்த வெட்சூட் என்றால் மிதப்பு கூடும், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையும் கூடும், ஆழத்துக்கு ஆழம் மிதப்பு மாறுவதும் கூடும். மிதப்புக் கட்டுப்பாடு இன்னும் கைவராதவருக்கு வெதுவெதுப்பான கடலை நாங்கள் பரிந்துரைப்பதன் முதல் காரணம் சுகம் அல்ல, இதுதான்.

படி 5: கரையா, படகா, தங்கு படகா?

கரையிலிருந்து இறங்கும் தளத்தில் அவசரம் இல்லை. காது அடைத்தால் இடுப்பளவு நீரிலேயே நின்று சரிசெய்யலாம். பயம் வந்தால் நடந்து திரும்பிவிடலாம். ஆனால் கரையின் தன்மையைக் கேளுங்கள். துலம்பெனின் உருண்டைக் கற்களில் அலை இருக்கும் நாளில் சிலிண்டரோடு நடப்பது வித்தை. கெட்டியான அடி வைத்த காலணி வேண்டும்.

பகல்நேரப் படகு அடுத்த நிலை. ஒருவழிப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். கடல் ஒவ்வாமை உள்ளவர் மாத்திரையைப் படகு ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. எந்த மாத்திரை டைவிங்குக்கு ஏற்றது, எவ்வளவு தூக்கம் வரவைக்கும் என்று மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

தங்கு படகு முதல் பயணத்துக்கு வேண்டாம். நாளுக்கு 3, 4 டைவ், ஏழு நாள், இறங்கிப்போக வழியில்லை, குழுவில் மற்றவர்கள் நூறு டைவ் பார்த்தவர்கள். இரண்டாம் நாள் காது அடைத்துக்கொண்டால் மீதி ஐந்து நாளும் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

படி 6: இடங்களைச் சலித்தெடுங்கள்

போனேர், கரீபியன். எங்கள் கணக்கில் புதியவருக்கு இதைவிட எளிதான கடல் அரிது. தீவின் மேற்குக் கரை காற்றுக்கு மறைவானது. தளங்களை மஞ்சள் வண்ணமடித்த கற்களால் சாலையோரத்திலேயே குறித்திருப்பார்கள். 1979இலேயே கடல் பூங்கா ஆனது. சூறாவளிப் பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருக்கிறது. குறை என்றால், கைடு இல்லாமல் இருவராக இறங்கும் பழக்கம் அங்கே அதிகம். முதல் மூன்று நான்கு டைவுக்காவது கைடு எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கடல், எகிப்து. தஹாபில் கரையோர மணற்சரிவுகளும், மார்சா அலம் பக்கம் அமைதியான விரிகுடாக்களும் உண்டு. பசும் கடலாமைகளைப் பார்க்க அபு தப்பாப் விரிகுடாவின் ஆழமற்ற புல்வெளியே போதும். ஆனால் தஹாபின் புளூ ஹோல் என்ற கடல் குழியில் 50 மீட்டருக்கும் கீழே இருக்கும் வளைவுச் சுரங்கம் பலரைக் காவு வாங்கியது. அதன் பக்கமே போகாதீர்கள். பிரதர்ஸ், டேடலஸ் போன்ற தொலைதூரப் பாறைகளுக்கு 50 டைவ் பதிவு கேட்பார்கள்; கேட்பது நியாயம். செங்கடல் நீரில் உப்பு அதிகம் என்பதால் வேறு கடலில் பயன்படுத்தியதைவிட அரைக்கிலோ, ஒரு கிலோ ஈயம் கூடுதலாக வேண்டியிருக்கலாம்.

கோ தாவோ. பயிற்சிக்காகவே வாழும் தீவு. 5 முதல் 18 மீட்டருக்குள் ஏராளமான தளங்கள், வெப்பமான நீர். கூட்டம்தான் தலைவலி. ஒரே பாறையில் பல குழுக்கள் சேர்ந்துவிட்டால் யாருடைய ஃபின்ஸைப் பின்தொடர்கிறோம் என்றே தெரியாது. சும்போன் பினாக்கிள் போன்ற ஆழமான பாறைகளைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலத்தீவு. இரண்டு மாலத்தீவுகள் உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். தங்கும் தீவையொட்டிய சொந்தப் பவளப்பாறை உங்களுக்கு. பவளத்தீவு வளையங்களுக்கு இடையே உள்ள கால்வாய்கள் மற்றவர்களுக்கு. அறை பதிவு செய்யும் முன் அந்தத் தீவுக்கு நல்ல சொந்தப் பாறை இருக்கிறதா, கரையிலிருந்து எத்தனை மீட்டரில் என்று கேளுங்கள். சில தீவுகளில் வெறும் மணல் குளம்தான்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு) நீமோ ரீஃப் போன்ற ஆழமற்ற தளங்கள் பழகுவதற்கு உகந்தவை. தென்மேற்குப் பருவத்தில் மட்டும் போகாதீர்கள்.

தள்ளிவைக்க வேண்டியவை: கொமோடோவின் வடக்குப் பாறைகள், கலாபகோஸின் டார்வின், உல்ஃப் தீவுகள், பலாவுவின் புளூ கார்னர், பெலீஸின் கிரேட் புளூ ஹோல். கடைசியாகச் சொன்னதில் பார்க்க வேண்டிய சுண்ணாம்புத் தொங்கூசிகளே 30 மீட்டருக்கும் கீழேதான் இருக்கின்றன. 18 மீட்டர் அட்டையோடு போனால் நீல இருட்டு மட்டும்தான் தெரியும்.

படி 7: டைவ் சென்டருக்கு எழுதுங்கள்

இரண்டு மூன்று இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில்களை ஒப்பிடலாம். இவற்றைக் கேளுங்கள்:

– ஒரு கைடுக்கு எத்தனை டைவர்? நான்குக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.
– என்னைப்போல் பத்து டைவுக்குக் குறைந்தவர்களைத் தனிக் குழுவாக அழைத்துச் செல்வீர்களா?
– முதல் நாள் ஈயத்தைச் சரிபார்க்கும் டைவ் உண்டா, எத்தனை மீட்டரில்?
– படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? தலை எண்ணுவது யார், எப்படி?
– வாடகைக்குத் தரும் கருவியில் டைவ் கணினி உண்டா?
– வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, அல்லது வேறு நாளா?

தலை எண்ணும் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். 1998இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இரண்டு பேரைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரைக்குத் திரும்பியது. அவர்கள் கிடைக்கவே இல்லை.

நண்பர்களோடு போகிறீர்கள், அவர்கள் அனுபவசாலிகள் என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரே குழுவில் இறங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அவர்களுக்கு ஏற்ற தளத்துக்கு உங்களையும் இழுத்துக்கொண்டு போவார்கள். படகு ஒன்றாக இருக்கட்டும், குழு வேறாக இருக்கட்டும்.

படி 8: காப்பீடு, அழுத்த அறை, நாள்திட்டம்

அழுத்தநீக்க நோய்க்கு (ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறையும்போது குமிழாகி வரும் நோய்) சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே, அங்கே போக எத்தனை மணி நேரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங்கை விலக்கியிருப்பார்கள், அல்லது ஏதேனும் ஓர் ஆழ வரம்பு இருக்கும். ஆழ வரம்பு, அழுத்த அறைச் செலவு, தீவிலிருந்து தூக்கிச் செல்லும் செலவு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

நாள்திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். ஒரே ஒரு டைவ் செய்தால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். பல நாள், பல டைவ் என்றால் குறைந்தது 18. கடைசி நாளை டைவே இல்லாமல் விட்டுவிடுவது எளிது. மலையும் இதில் சேரும். தஹாபில் காலையில் டைவ் செய்துவிட்டு அன்றிரவே 2,285 மீட்டர் உயரச் சினாய் மலை ஏறப் புறப்படுவதும், துலம்பெனில் மாலை டைவ் முடித்து விடியலில் பாத்தூர் எரிமலை ஏறுவதும் உடலுக்கு விமானம் ஏறுவதைப் போலத்தான். மலையை முதலில் வையுங்கள், கடலைப் பிறகு.

முன்பகுதியில், வந்து இறங்கிய நாளில் டைவ் வேண்டாம். உறக்கமும் தண்ணீரும் குறைந்த உடலோடு இறங்குவதால் எந்த லாபமும் இல்லை. இரண்டாம் நாள் ஒரு டைவ், அடுத்து நாளுக்கு இரண்டு, நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஆறு நாள் பயணத்தில் 5 டைவ் நிறைவான எண்.

முதல் டைவில் ஈயத்தை அவசரமில்லாமல் சரிபாருங்கள். நீச்சல்குளத்தில் பழகியவருக்குக் கடலில் 2 முதல் 3 கிலோ கூடுதலாக வேண்டும், உப்புநீர் தூக்குவதால். டைவின் முடிவில் அலுமினிய சிலிண்டரிலிருந்து சுமார் 2 கிலோ காற்று போயிருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்த ஈயம் அப்போது போதாமல், 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே மிதந்துவிடுவீர்கள். ஆகவே டைவ் முடிந்து 50 பார் இருக்கும்போது, பி.சி.டி.யை (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையை) காலிசெய்து, சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தி, கண்மட்டத்துக்கு நீர் நிற்கிறதா பாருங்கள். அந்த எண்ணை லாக் புக்கில் வெட்சூட்டின் தடிமனோடும் சிலிண்டரின் வகையோடும் சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த கடலில் அங்கிருந்து தொடங்கலாம்.